சாதாரணத் தபாலில் போன போர்

1812 ஜூன் 18 அன்று வாஷிங்டனில் இருந்த போர்த்துறைச் செயலாளர் வில்லியம் யூஸ்டிஸ் ஒரே ஆளுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினார். பெறுநர் ஜெனரல் வில்லியம் ஹல். அவர் அப்போது ஒஹையோ காடுகளை வெட்டிப் பாதை போட்டுக்கொண்டு டெட்ராய்ட் கோட்டையை நோக்கிப் படையோடு போய்க்கொண்டிருந்தார். முதல் கடிதத்தில், சீக்கிரம் போய்ச் சேருங்கள் என்பதைத் தவிர முக்கியமான செய்தி ஒன்றும் இல்லை. அது தனி ஆள் மூலம் விரைந்து போனது. இரண்டாவது கடிதத்தில்தான் பிரிட்டன் மீது போர் அறிவித்தாகிவிட்டது என்ற செய்தி இருந்தது. அது சாதாரணத் தபாலில் போனது.

இதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நான் முப்பத்துமூன்று வருடம் ஆர்.எம்.எஸ்.ஸில் இருந்தவன். ஆர்.எம்.எஸ். என்றால் ரயில் தபால். இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். ரயிலில் எங்களுக்கென்று ஒரு பெட்டி கோத்திருக்கும். உள்ளே சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி கட்டங்கள். ஓடும் வண்டியில் நின்றுகொண்டே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட வேண்டும். எழும்பூரில் வண்டி கிளம்பினால், விழுப்புரம் வருவதற்குள் விழுப்புரம் பையைக் கட்டி அரக்கு முத்திரை வைத்தாக வேண்டும். எது அவசரம், எது நாளைக்குப் போனால் போதும் என்று கை பார்த்தே சொல்லிவிடும். இவர்கள் என்னடா என்றால் போரையே சாதாரணத் தபாலில் போட்டிருக்கிறார்கள்!

மகள் வீடு பால்டிமோரிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது. ஆறு மாத விசாவில் மூன்றாவது முறையாக வந்திருக்கிறேன். போன சனிக்கிழமை மெக்ஹென்றி கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். "மாமா, இவர்களுடைய தேசிய கீதம் பிறந்த இடம் இது" என்றார் மாப்பிள்ளை. 1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்கள் இந்தக் கோட்டையைக் குண்டு வீசித் தாக்கின, இரவு முழுவதும் வீசியும் விடிந்தபோது அமெரிக்கக் கொடி பறந்தது, அதைக் கண்ட வழக்கறிஞர் ஒருவர் பாட்டெழுதினார். அந்த மட்டும் எனக்கும் தெரியும். எதற்காக அந்தச் சண்டை என்று கேட்டேன். மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை, மகளுக்கும் தெரியவில்லை. பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பேத்தி மட்டும், "கப்பலில் ஆள் பிடித்தார்கள் தாத்தா" என்றாள். அன்று தொடங்கிய வாசிப்புதான். பேத்தியின் நூலக அட்டையில் எனக்கும் புத்தகம் வருகிறது.

அவள் சொன்னது சரி. நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக்கு மாலுமிகள் போதவில்லை. சம்பளம் குறைவு, சவுக்கடி அதிகம், ஓடிப்போகிறவர்கள் அமெரிக்க வணிகக் கப்பல்களில் ஏறிக்கொண்டார்கள். அவர்களைப் பிடிக்கிறோம் என்று நடுக்கடலில் அமெரிக்கக் கப்பல்களை நிறுத்தி, திடமான ஆட்களாகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனார்கள். பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தவன் சாகும்வரை மன்னரின் குடிமகன், வேறு நாட்டில் குடியேறியதெல்லாம் செல்லாது என்பது லண்டனின் கொள்கை. அமெரிக்க மாலுமிகள் உயரம், தழும்பு, கண் நிறம் எல்லாம் குறித்த பாதுகாப்புச் சான்றிதழ் வைத்திருந்தார்கள். அதைக் காட்டினாலும் பல கேப்டன்கள் மதிக்கவில்லை. போருக்கு முந்தைய பத்தாண்டில் இப்படிப் பிடிபட்ட அமெரிக்கர்கள் 6,000 பேருக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

இதில் என்னை மிகவும் உறுத்தியது 1807 ஜூன் 22 அன்று நடந்தது. வர்ஜீனியாக் கடற்கரைக்கு அப்பால் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், செசபீக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை நெருங்கி, உங்களுக்குக் கடிதங்கள் இருக்கின்றன என்று கூவியது. ஒரு நாட்டுக் கப்பல் இன்னொரு நாட்டின் கடிதங்களை எடுத்துச் செல்வது அந்நாளைய கடல் மரியாதை. அதனால் அமெரிக்கக் கமடோர் ஜேம்ஸ் பேரன் கப்பலை நிறுத்தினார். வந்த கடிதமோ, உம் கப்பலில் ஒளிந்திருக்கும் எங்கள் ஆட்களைத் தேட விடு என்ற உத்தரவு. மறுத்தார். லெப்பர்ட் பீரங்கிகளைத் திறந்தது. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள், நான்கு மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களில் ஒருவர் ஹாலிஃபாக்ஸில் தூக்கிலிடப்பட்டார். கடிதம் என்று சொல்லி நிறுத்திவிட்டுச் சுட்டதைத் தபால்காரனால் மன்னிக்க முடியாது.

அப்போதே போர் மூண்டிருக்க வேண்டியது. அதிபர் ஜெஃபர்சன் சண்டைக்குப் பதிலாக வணிகத் தடையைக் கையில் எடுத்தார். எங்கள் கப்பல் எந்த வெளிநாட்டுக்கும் போகாது என்று 1807 டிசம்பரில் சட்டம் போட்டார். பிரிட்டன் பணிந்துவிடும் என்று கணக்கு. பணியவில்லை. பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல்கள் கட்டிக் கிடந்து மட்கின, கனடா எல்லையில் கள்ளக்கடத்தல் கொழித்தது, பதினைந்தே மாதத்தில் சட்டத்தைச் சுருட்டி வைத்தார்கள். மறுபக்கம், பிரான்சோடும் அதன் நட்பு நாடுகளோடும் வணிகம் செய்கிற கப்பல்களை மறிப்போம் என்ற பிரிட்டனின் அரசாணைகள் அப்படியே இருந்தன. நெப்போலியனும் தன் பங்குக்குப் பிரிட்டனோடு வணிகம் செய்கிறவர்களைப் பிடித்தார். இரண்டு மாடு முட்டிக்கொள்ளும்போது நடுவில் கன்று மாட்டிக்கொண்ட கதை.

இப்போது தேதிகளைப் பாருங்கள். 1812 மே 11 அன்று பிரிட்டிஷ் பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் ஜான் பெல்லிங்ஹாம் என்ற வணிகர். தனக்கு நேர்ந்த அநியாயத்துக்கு நிவாரணம் கேட்டு அலுவலகம் அலுவலகமாக மனுப் போட்டு, எல்லாம் திரும்பி வந்த வெறுப்பு அவருக்கு. புது அரசாங்கம் அமைந்து, ஜூன் 16 அன்று அந்த அரசாணைகளைக் கைவிடுகிறோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். ஜூன் 18 அன்று வாஷிங்டனில் அதிபர் மேடிசன் போர் அறிவிப்பில் கையெழுத்திட்டார். நடுவில் இரண்டே நாள். ஆனால் அட்லாண்டிக்கைத் தாண்டிக் கடிதம் வர அன்றைக்கு ஐந்தாறு வாரம் ஆகும்.

இந்த இடத்தில் பல பேர் பெருமூச்சு விடுகிறார்கள். தந்தி மட்டும் இருந்திருந்தால் இந்தப் போரே வந்திருக்காது என்கிறார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். என் தொழிலுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தாய்மாமா நினைவுக்கு வந்தார்.

என் அக்கா கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. தாய்மாமா இல்லாமல் நடந்த கல்யாணம் என்று ஊரே பேசியது. பத்திரிகை தாமதமாக வந்தது, முகூர்த்தம் முடிந்த மறுநாள்தான் கையில் கிடைத்தது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவும் அதை நம்பித் தபால்காரரைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் வேலையில் சேர்ந்த பிறகு ஒருநாள் அவர் வீட்டு இரும்புப் பெட்டியில் அந்தக் கவர் கிடைத்தது. அவர் ஊர் தபால் முத்திரையில் தேதி தெளிவாக இருந்தது. முகூர்த்தத்துக்குப் பத்து நாள் முன்பே பத்திரிகை வந்துவிட்டது. தாத்தா நிலத்தைப் பிரித்ததில் வாய்க்கால் ஓரத்து ஒரு ஏக்கர் யாருக்கு என்பதில் அவருக்குக் கோபம். அதை வெளியே சொல்ல வெட்கம். பழி தபால் மேல் விழுந்தது.

அந்தப் பழக்கத்தில் இங்கேயும் முத்திரைத் தேதியைத் தேடினேன். அரசாணைகள் கைவிடப்பட்ட செய்தி ஆகஸ்டில் அமெரிக்கா வந்து சேர்ந்தது. கனடாவின் ஆளுநர் ஜார்ஜ் பிரிவோ உடனே சண்டை நிறுத்தம் பேசினார். அமெரிக்காவின் வடக்கு எல்லைத் தளபதி டியர்பார்ன் சரி என்றார். மேடிசன் மறுத்துவிட்டார். மாலுமிகளைப் பிடிப்பதை நிறுத்தாதவரை போர் நடக்கும் என்றார். கடிதம் வந்த பிறகும் இரண்டரை வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள்!

சரி, வாய்க்கால் ஓரத்து ஏக்கர் எங்கே? மாலுமிகளுக்காகத்தான் போர் என்றால், கடலோர மாநிலங்கள் அல்லவா குதித்திருக்க வேண்டும்? போர் தீர்மானம் கீழவையில் 79-க்கு 49, செனட்டில் 19-க்கு 13 என்றுதான் தேறியது. கப்பல் வைத்திருந்த நியூ இங்கிலாந்தில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். இது மேடிசனின் போர் என்று ஏளனம் செய்து, பிரிட்டிஷ் படைக்கே தானியமும் மாடும் விற்றார்கள். துள்ளிக் குதித்தவர்கள் கென்டக்கியின் ஹென்றி கிளே, தென் கரோலினாவின் கால்ஹூன் போன்ற கீழவை உறுப்பினர்கள். கடலையே பார்க்காத மேற்குக்காரர்களுக்கு வேறு கணக்கு இருந்தது. 1809-இல் ஃபோர்ட் வேன் உடன்படிக்கை என்ற பெயரில் பூர்வகுடிகளிடமிருந்து சுமார் 30 லட்சம் ஏக்கர் வாங்கியிருந்தார்கள். விற்றவர்களுக்கு விற்க உரிமை இல்லை, நிலம் எல்லாக் குலத்துக்கும் பொது என்று எதிர்த்து எழுந்தார் ஷானி குலத்துத் தலைவர் டெகம்சே. அவர் தெற்கே ஆதரவு திரட்டப் போயிருந்த நேரத்தில், 1811 நவம்பரில், டிப்பக்கனு ஆற்றங்கரையில் அவர் தம்பியின் ஊரை இந்தியானா பகுதியின் ஆளுநர் ஹாரிசன் எரித்தார். டெகம்சேக்குப் பின்னால் பிரிட்டன் இருக்கிறது, கனடாவைப் பிடித்தால் இரண்டு தொல்லையும் தீரும் என்பது மேற்கின் பேச்சு. கியூபெக் வரைக்கும் பிடிப்பது வெறும் நடந்து போகிற வேலை என்று ஜெஃபர்சனே எழுதினார்.

அந்த நடைக்குத்தான் ஹல் கிளம்பியிருந்தார். போர் தொடங்கிவிட்டது தெரியாமல், ஜூலை 1 அன்று நோயாளிகளையும் பெட்டி படுக்கைகளையும் படையின் ஆவணங்களையும் குயஹோகா என்ற சிறு கப்பலில் ஏற்றி முன்னால் அனுப்பினார். மறுநாள் போர்ச் செய்தி அவர் கைக்கு வந்தது. அதே நாளில் கப்பலும் ஆவணங்களும் பிரிட்டிஷார் கைக்குப் போயின. அவர்களுக்குச் செய்தி முன்னாலேயே வந்துவிட்டது. மிச்சிலிமாக்கினாக் தீவுக் கோட்டையின் கதை இன்னும் மோசம். ஜூலை 17 அன்று காலையில் தலைக்கு மேல் மேட்டில் பிரிட்டிஷ் பீரங்கி நிற்பதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்த லெப்டினன்ட் போர்ட்டர் ஹேங்ஸ் போர் நடப்பதையே தெரிந்துகொண்டார். சரணடைந்தார். டெட்ராய்ட்டில் பிரிட்டிஷ் தளபதி ஐசக் புரோக்கும் டெகம்சேயும் சேர்ந்து வந்தார்கள். வழியில் பிடிபட்ட ஹல்லின் கடிதங்களைப் படித்து, மனிதர் நடுங்கிக்கொண்டிருக்கிறார் என்று புரோக் தெரிந்துவைத்திருந்தார். ஆகஸ்ட் 16 அன்று ஹல் கோட்டையை ஒப்படைத்தார். பின்னால் ராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது, மேடிசன் ரத்து செய்தார்.

அதே வாரம், ஆகஸ்ட் 19 அன்று, ஹல்லின் அண்ணன் தம்பி பிள்ளை ஐசக் ஹல் கடலில் கான்ஸ்டிட்யூஷன் கப்பலோடு போய் கெரியேர் என்ற பிரிட்டிஷ் கப்பலை அடித்து நொறுக்கினார். அதே கான்ஸ்டிட்யூஷன் டிசம்பரில் பிரேசில் கரைக்கு அப்பால் ஜாவா என்ற கப்பலைப் பிடித்தது. அதில் பம்பாய்ப் படைக்குத் தளபதியாகப் பொறுப்பேற்கப் போய்க்கொண்டிருந்த தாமஸ் ஹிஸ்லாப் இருந்தார். விடுதலையான பிறகு அவர் மதராஸ் படைக்குத் தளபதியாக வந்தார். கான்ஸ்டிட்யூஷன் இன்னும் பாஸ்டனில் மிதக்கிறது.

1813-ஐ விரைவாகக் கடந்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் எல்லை ஊர்களை மாறி மாறி எரித்தார்கள். இன்றைய டொரொன்டோ அப்போது யார்க். அங்கே நாடாளுமன்றக் கட்டடத்தை அமெரிக்கர்கள் எரித்தார்கள். எரி ஏரியில் அமெரிக்கக் கடற்படையின் பெர்ரி வென்றார். அக்டோபர் 5 அன்று கனடாவில் ஓடும் தேம்ஸ் ஆற்றங்கரையில் டெகம்சே கொல்லப்பட்டார். உடன் வந்த பிரிட்டிஷ் படை முதலில் ஓடியது, அவர் ஆட்கள் நின்று சண்டையிட்டார்கள். இந்தப் போரில் உண்மையாகத் தோற்றவர்கள் யார் என்பதை எனக்கு அந்த ஒரு நாள் சொல்லிவிட்டது.

1814-இல் நெப்போலியன் பதவி இழந்ததும் பிரிட்டனுக்குக் கை ஒழிந்தது. ஏப்ரலில் அட்மிரல் காக்ரேன் ஓர் அறிவிப்பு அச்சடித்து வினியோகித்தார். அமெரிக்காவை விட்டு வெளியேற விரும்புகிறவர்கள் எங்கள் கப்பலுக்கு வரலாம், படையில் சேரலாம், அல்லது பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சுதந்திரமாக வாழலாம் என்றது அது. அடிமை என்ற சொல்லே அதில் இல்லை. யாருக்கு எழுதியது என்று எல்லோருக்கும் புரிந்தது. படிக்கக் கற்றுத்தரப்படாத மக்களுக்கு முகவரி இல்லாமல் போன கடிதம் அது. இந்தப் போரில் சரியான ஆளைச் சரியான நேரத்தில் சேர்ந்ததும் அதுதான். சுமார் 4,000 பேர் இரவோடு இரவாகப் படகேறினார்கள். போர் முடிந்ததும் அவர்களைத் திருப்பித் தரச் சொல்லி அமெரிக்கா கேட்டது. பிரிட்டன் தரவில்லை. 12,04,960 டாலர் நஷ்டஈடு கொடுத்துக் கணக்கை முடித்தது.

ஆகஸ்ட் 24 அன்று பிளேடன்ஸ்பர்க்கில் அமெரிக்கப் படை சிதறி ஓட, பிரிட்டிஷார் வாஷிங்டனுக்குள் நுழைந்தார்கள். அதிபர் மாளிகையில் பரிமாறத் தயாராக இருந்த சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மாளிகையைக் கொளுத்தினார்கள். காங்கிரஸ் கட்டடம் எரிந்தது, நூலகம் எரிந்தது. தப்பிய அரசுக் கட்டடம் பிளாட்ஜெட் ஹோட்டல் என்ற பழைய கட்டடம். காப்புரிமை அலுவலகத்தின் தலைவர் வில்லியம் தார்ன்டன் ஓடிவந்து, உள்ளே இருக்கும் இயந்திர மாதிரிகள் மனித குலத்துக்கே சொந்தம், எரிக்காதீர்கள் என்று மன்றாடினார். அதே கட்டடத்தில்தான் தலைமைத் தபால் அலுவலகமும் இருந்தது. தார்ன்டன் தபாலைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரோ இல்லையோ, தபாலும் பிழைத்தது.

பால்டிமோரில் கதை வேறு. துறைமுக வாயிலில் கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்துவிட்டார்கள். கோட்டைப் பீரங்கி எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு பிரிட்டிஷ் கப்பல்கள் செப்டம்பர் 13 காலையிலிருந்து 25 மணி நேரம் 1,500-க்கும் மேற்பட்ட குண்டுகளை வீசின. வெடிமருந்துக் கிடங்கின் மேல் விழுந்த ஒரு குண்டு வெடிக்கவில்லை. கோட்டையில் நான்கு பேர் இறந்தார்கள். கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட் சொல்லித் தைத்த கொடி 42 அடி நீளம், 30 அடி அகலம். மேரி பிக்கர்ஸ்கில் என்ற விதவை தன் மகளோடும் அண்ணன் தங்கை வழிப் பெண்களோடும், ஒப்பந்த வேலையாளாக இருந்த கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியோடும் சேர்ந்து தைத்தார். வீட்டில் விரிக்க இடம் போதாமல் பக்கத்து மதுவடிப்புச்சாலைத் தரையில் விரித்தார்கள். கூலி 405 டாலர் 90 காசு. கோட்டையில் அதே அளவுக் கொடி ஒன்றைப் பார்வையாளர்கள் கையில் கொடுத்து விரிக்கச் சொல்கிறார்கள். பேத்தி ஒரு முனை, நான் ஒரு முனை. நடுவில் நின்ற மாப்பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

அந்தப் பாட்டில் ராக்கெட்டின் சிவந்த ஒளி என்று ஒரு வரி வருகிறது. எரபஸ் என்ற கப்பலிலிருந்து பாய்ந்த காங்கிரீவ் ராக்கெட்டுகள் அவை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு மைசூர் ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அவற்றைப் பார்த்து வில்லியம் காங்கிரீவ் செய்தது. எனக்குக் காஞ்சிபுரம். பக்கத்திலிருக்கும் புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படையை அழித்தபோது, அதன் வெடிமருந்து வண்டிகளைப் பற்றவைத்தவை இந்த ராக்கெட்டுகளின் பாட்டன்மார். மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் உடனே போனில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

சமாதானம் 1814 டிசம்பர் 24 அன்று பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கையெழுத்தானது. மாலுமிகளைப் பிடிப்பது பற்றி அதில் ஒரு வரி இல்லை. போருக்கு முன் யாரிடம் எது இருந்ததோ அது அவரவர்க்கே. பூர்வகுடிகளுக்குத் தனி நிலப்பகுதி வேண்டும் என்று முதலில் கேட்ட பிரிட்டன் அதைக் கைவிட்டது. இரண்டு அரசுகளும் ஒப்புதல் கொடுத்த பிறகே போர் நிற்கும் என்றிருந்ததால், ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் நடத்திய பெரும் சண்டையைத் தாமதத் தபாலின் பிழை என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. பிரிட்டிஷ் தரப்பில் 2,000 பேருக்கு மேல் இறந்தோ காயமடைந்தோ பிடிபட்டோ போனார்கள், தளபதி பேக்கனம் இறந்தார். ஒப்பந்தத்தைக் கொண்டுவந்த கப்பல் பிப்ரவரி 11 அன்று நியூயார்க் சேர்ந்தது. 16 அன்று செனட் ஒருமனதாக ஏற்றது. எங்கே கூடி ஏற்றார்கள் தெரியுமா? எரியாமல் தப்பிய அந்தத் தபால் அலுவலகக் கட்டடத்தில்.

அந்த ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவை ஒரு தபால்காரர்தான் எழுதியிருக்க வேண்டும். ஒப்புதலுக்குப் பிறகு அமெரிக்கக் கரையோரம் 12 நாள், வட அட்லாண்டிக்கில் 30 நாள் என்று ஆரம்பித்து, உலகின் மிகத் தொலைவான கடல்களுக்கு 120 நாள் என்று செய்தி போய்ச்சேரும் கெடுவைக் கடல்வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். அசல் புறாக்கூண்டு!

120 நாள் கெடுவும் முடிந்த பிறகு, 1815 ஜூன் 30 அன்று, சுமத்ரா, ஜாவா தீவுகளுக்கு நடுவில் உள்ள சுந்தா நீரிணையில் பீகாக் என்ற அமெரிக்கக் கப்பல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்டிலஸ் என்ற சிறு கப்பலைச் சந்தித்தது. நாட்டிலஸ் அரசுக் கடிதங்களோடு வங்காளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அஞ்சர் துறைமுக அதிகாரி பீகாக்கில் ஏறி, சமாதானம் ஆகிவிட்டது என்று நேரிலேயே சொன்னார். நாட்டிலஸின் தளபதி பாய்ஸும் அதையே கத்திச் சொன்னார். பீகாக்கின் தளபதி வாரிங்டன், அப்படியானால் கொடியை இறக்கிக் காட்டு என்றார். பாய்ஸ் இறக்க மறுத்தார். பீரங்கிகள் முழங்கின. பாய்ஸுக்குப் பலத்த காயம். இறந்தவர்களில் லாஸ்கர் எனப்பட்ட ஆசிய மாலுமிகளும் இருந்தார்கள். பிறகு வாரிங்டன் காகிதங்களை வாங்கிப் பார்த்து, மறுநாள் கப்பலைத் திருப்பிக் கொடுத்தார்.